உள்ளூர் விளைச்சலும் வெளியூர்ச் சாப்பாடும்: மலையகக் கடைகளில் இயற்கை உணவைத் தேடி

இலங்கையில் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு என்றதும் எவருக்கும் நினைவுக்கு வரும் ஊர் நுவரெலியா. கந்தப்பளை, மீப்பிலிமான, இராகலை, பட்டிப்பொலப் பக்கத்துச் சரிவுகளில் விளையும் மரக்கறி நாள் தவறாமல் லொறி ஏறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்குகிறது. இந்த ஊர்களுக்கு வந்து கடையில் சாப்பிட உட்காருகிறவர், தம் முன் வைக்கப்படும் தட்டும் இதே மண்ணிலிருந்துதான் வந்திருக்கும் என்று நம்புவது இயல்பு. குளிரும் பனிமூட்டமும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையும் அந்த நம்பிக்கையை இன்னும் வளர்த்துவிடுகின்றன. அருகில் விளைந்தது, நஞ்சில்லாமல் விளைந்தது என்று மனம் தானாகவே முடிவு செய்கிறது.

அந்த முடிவு சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் வெளியே சாப்பிடுகிறவருக்கு உள்ளூர் உணவு கிடைக்கிறதா? இரசாயனம் இல்லாத உணவு கிடைக்கிறதா? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். மலையகத்தில் இவற்றுக்குக் கிடைக்கும் பதில்களும் வெவ்வேறாகவே இருக்கின்றன. மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு: நல்ல உணவு கிடைக்கும் இடத்தில் அதை உண்பவர் யார்? இந்த மூன்றாவதைக் கேட்காமல் முதலிரண்டுக்கும் நேர்மையான விடை காண முடியாது.

ஒரு தட்டின் பூர்வீகம்

ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சாதாரணச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். சோறு, பருப்புக் கறி, கிழங்குக் கறி, கோவாச் சுண்டல், ஒரு சம்பல், பொரித்த பப்படம், கேட்டால் நெத்தலிக் கருவாடு. மலையகத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

அரிசி பெரும்பாலும் பொலன்னறுவை, அம்பாறைப் பக்கத்து வயல்களிலிருந்து மில்லுக்குப் போய் மூட்டையாக வருகிறது. மைசூர்ப் பருப்பு இந்த நாட்டில் விளைவதில்லை. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலில் வருகிறது. பெரிய வெங்காயத்தில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருவது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது மலையகக் கடைகளின் சம்பலிலும் வெங்காயம் குறைந்தது அதனால்தான். தேங்காய் குருநாகல், புத்தளம் பகுதிகளிலிருந்து மலையேறி வருகிறது. செத்தல் மிளகாயும் நெத்தலியும் பெரும்பாலும் இறக்குமதி. கிழங்கு சில மாதங்களில் நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளைந்ததாக இருக்கும். மற்ற மாதங்களில் பாகிஸ்தான், இந்தியக் கிழங்குதான் மலிவு. உறுதியாக உள்ளூர் என்று சொல்லக்கூடியது கோவா ஒன்றே.

காலை, இரவுச் சாப்பாட்டின் நிலை இதைவிட மோசம். ரொட்டி, பராட்டா, பணிஸ், பாண், கொத்து எல்லாம் கோதுமை மாவு. இலங்கையில் கோதுமை வணிக அளவில் விளைவதே இல்லை. கடைசியில் ஒரு பால் தேத்தண்ணி. நுவரெலியாவிலிருந்து சிறிது தூரத்தில் அம்பேவெலப் பால்பண்ணை இருக்கிறது. தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் மாடு வளர்த்துப் பால் ஊற்றுகின்றன. ஆனாலும் கடைத் தேத்தண்ணியில் கலப்பது பெரும்பாலும் நியூசிலாந்துப் பால்மா. சீனியிலும் பெரும்பகுதி கப்பலில் வந்தது. தேயிலை மட்டும் நம்முடையது. அதிலும் நாட்டின் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிவிடுகிறது. தேத்தண்ணிக்கடைக்கு வந்து சேருவது பெரும்பாலும் டஸ்ட் எனப்படும் தூள் தேயிலை.

ஆகவே முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் மாவட்டத்தில், கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் தட்டில் உள்ளூர்ப் பங்கு மிகச் சிறியது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது

இதைக் கடைக்காரரின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது அநியாயம். இதற்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். ஆட்கள், மாடுகள், கருவிகள் எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து, அந்தக் குளிரில் ஐரோப்பிய மரக்கறியும் கிழங்கும் பயிரிட முயன்றார். 1855இல் அவர் நாடு திரும்பினாலும் அந்தப் பயிர்கள் இங்கேயே தங்கிவிட்டன. இந்த மலைகளின் மரக்கறித் தோட்டம் ஆரம்பத்திலிருந்தே துரைமார் மேசைக்காக உருவானது. பிறகு நகரச் சந்தைக்காக வளர்ந்தது.

மலையைக் கோப்பித் தோட்டமாகவும், கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலைத் தோட்டமாகவும் மாற்றிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு வேறொரு உணவு முறை விதிக்கப்பட்டது. அவர்களுக்கு நிலம் இல்லை. கூலியும் அரிசியும்தான் கணக்கு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த விலையில் அரிசி கொடுப்பதையும் கூலியோடு சேர்த்தே பேசியது. அந்த அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவு வந்து புகுந்தது. போர் முடிந்தபின்னும் மாவு போகவில்லை.

1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் அரிசிப் பங்கீடு குறைந்தது, மாவும் கிடைக்கவில்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியது. பசி தாங்காமல் மலையிறங்கி நகரத் தெருக்களில் கையேந்தியவர்களை அந்தக் காலத்தவர் இன்றும் சொல்லக் கேட்கலாம். சொந்தமாகப் பயிரிட ஒரு துண்டு காணி இல்லாத மக்கள், கடையில் வாங்கும் உணவு நின்றதும் சாகும் நிலைக்குப் போனார்கள். பிறகு திருகோணமலையில் பெரிய மாவாலை வந்தது, மாவு தாராளமாகக் கிடைத்தது. விடிகாலையில் எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் பெண்ணுக்குக் கோதுமை ரொட்டி வசதியானது: சீக்கிரம் சுடலாம், கையில் சுருட்டிக்கொண்டு மலைக்குப் போகலாம், பசியும் நேரத்துக்குத் தாங்கும். இன்று ஹட்டன் கடைகளில் ரொட்டியும் கொத்தும் முன்வரிசையில் இருப்பதற்கு இந்த வரலாறே வேர்.

உள்ளூர் மரக்கறியும் மருந்தும்

இனி இரண்டாவது கேள்வி. தட்டில் இருக்கும் அந்தக் கோவாவாவது இயற்கையாக விளைந்ததா?

மலைநாட்டு மரக்கறிச் செய்கை இலங்கையிலேயே மிக நெருக்கமாக நடக்கும் விவசாயங்களில் ஒன்று. ஒரே துண்டுக் காணியில் வருடத்தில் இரண்டு மூன்று போகம் எடுக்கிறார்கள். நிலம் ஓய்வதில்லை. ஓயாமல் விளைய வேண்டுமானால் ஓயாமல் பசளை போட வேண்டும். கோவா, கரட், கிழங்கு ஆகியவற்றின் வீரிய விதைகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கப்படுகின்றன. அந்த விதைகளும் அதிகப் பசளையை எதிர்பார்த்தே உருவாக்கப்பட்டவை.

பனியும் ஈரமும் நமக்கு அழகு, பயிருக்கு நோய். உருளைக்கிழங்குச் செடியைப் பிந்திய வெளிறல் நோய் பிடித்தால் சில நாட்களில் பாத்தி முழுவதும் கருகிப்போகும். அந்தப் பயத்தில் பூஞ்சைக்கொல்லியை முன்கூட்டியே அடித்துவிடுகிறார்கள். மழை பெய்து கழுவிவிட்டால் மறுபடியும் அடிக்க வேண்டும். கோவாவின் உள்ளிதழைத் துளைக்கும் புழுவுக்கு வேறு மருந்து. மருந்தடித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே குறிப்பிட்ட நாட்கள் விட வேண்டும் என்பது விதி. சந்தையில் விலை ஏறிய நாளில் அந்த விதியை நினைத்துப் பார்க்க எல்லா விவசாயிகளுக்கும் தெம்பு இருப்பதில்லை. கடன் வாங்கிப் பயிர் செய்தவர், விலை இருக்கும்போதுதான் வெட்டியாக வேண்டும்.

கோழி எருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாழ்நிலத்துக் கோழிப்பண்ணைகளிலிருந்து லொறி லொறியாக எரு மலைக்கு வருகிறது. அதைக் காட்டி இது இயற்கை உரத்தில் விளைந்தது என்று சொல்லும் வழக்கம் உண்டு. பாதி உண்மை அது. எரு இயற்கையானதுதான். ஆனால் அதற்கு மேலே யூரியாவும் மருந்தும் வழமைபோல் விழுந்தால் அந்த மரக்கறியைச் சேதன (ஓர்கானிக்) உணவு என்று சொல்ல முடியாது. மக்காத எருவை அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால், சரிவிலிருந்து மழை அதை ஓடைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் கொண்டுபோய்விடும். மகாவலியின் துணையாறுகளும் களனி கங்கையின் தலையூற்றுகளும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. நுவரெலியாவில் மண்ணில் விழுவது நாட்டின் பல பகுதிகளுக்கும் போகிறது.

இந்த மருந்தைத் தோளில் சுமந்து அடிக்கிறவர் யார் என்பதும் இங்கே முக்கியம். தேயிலையில் வேலைநாள் குறையும்போது, மரக்கறித் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகிறவர்கள் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழும் இளைஞர்களும் பெண்களுமே. கையுறை, முகமூடி இல்லாமல் அடிக்கிறவர்களைப் பாதையோரத்திலிருந்தே பார்க்கலாம். சேதன விவசாயத்தின் முதல் பயன் உண்பவருக்கு என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். அதன் முதல் பயன் விளைவிப்பவரின் நுரையீரலுக்கு.

2021 கற்றுத் தந்தது

சேதன விவசாயம் பற்றி இலங்கையில் பேசும் எவரும் 2021ஐத் தாண்டிப் போக முடியாது. பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்பது 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச தந்த வாக்குறுதி. அந்தப் பத்து ஆண்டுகள் ஒரே வர்த்தமானியில் சுருங்கின. 2021 மே மாதம் இரசாயனப் பசளை, விவசாய மருந்து இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதற்குப் பின்னால் இருந்தது. விவசாயிக்குப் பயிற்சி இல்லை, போதிய சேதனப் பசளை இல்லை, மாறும் காலத்தில் விழும் நட்டத்துக்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லை. நுவரெலியாவின் மரக்கறி விவசாயிகளும் தெருவுக்கு வந்தார்கள். நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டது. ஆனால் அடி விழுந்தாகிவிட்டது. 2021இல் ஏறக்குறைய 29 கோடியே 90 இலட்சம் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. 1990களின் நடுப்பகுதிக்குப் பின் அவ்வளவு குறைந்ததில்லை. கொழுந்து குறைந்தால் தொழிலாளியின் வேலைநாளும் குறையும். ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்ததற்கு அடுத்த ஆண்டில் இது நடந்தது.

இந்தியாவின் சிக்கிம் மாநிலத்தின் அனுபவத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் மலைநாடு, அங்கும் சிறு விவசாயிகள், அங்கும் தேயிலை. 2003இல் சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். இரசாயனத்துக்கான மானியத்தை ஆண்டுக்கு ஆண்டு குறைத்தார்கள். விவசாயிகளைக் குழுக்களாகச் சேர்த்துச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தார்கள். 2016 ஜனவரியில்தான் முழுச் சேதன மாநிலம் என்ற அறிவிப்பு வந்தது. 75,000 ஹெக்டேயர் அளவிலான நிலத்துக்கு ஏறக்குறைய 13 ஆண்டுகள் பிடித்தன. இலங்கை அதைவிடப் பல மடங்கு பெரிய நிலத்தை ஒரே போகத்தில் மாற்றப் பார்த்தது.

2021இன் பெரிய நட்டம் ஒன்று கணக்கில் வராதது. சேதன விவசாயம் என்ற சொல்லையே விவசாயி வெறுக்கும் நிலை வந்துவிட்டது. நல்ல ஒரு நோக்கத்தை அவசரமும் அதிகாரமும் சேர்ந்து கெடுத்தன. இன்று மலையகத்தில் சேதன மரக்கறி பற்றிப் பேசப் போகிறவர் அந்தக் காயத்தை அறிந்துதான் பேச வேண்டும்.

யாருடைய மேசைக்கு

அப்படியானால் மலையகத்தில் இயற்கை உணவே கிடையாதா? உண்டு. அது எங்கே கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல்.

கந்தப்பளைக்கு மேலே, கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாக மாறியது. இன்று ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி என்று அறியப்படும் அந்த இடம், தன்னைச் சுற்றியுள்ள சேதனத் தேயிலையையும் மரக்கறித் தோட்டத்தையும் விருந்தினருக்குக் காட்டுகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்தில், பழைய துரைமார் பங்களாக்களை விடுதிகளாக்கி 2005இல் தொடங்கியது சிலோன் டீ ட்ரெயில்ஸ். பங்களாவின் பின்பக்கத்துத் தோட்டத்தில் பறித்த கீரையும் சலாதும் அன்றைய மேசைக்குப் போவது இத்தகைய விடுதிகளில் வழக்கம். இவை போலி என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஒரு சமையலறை தன் பக்கத்து மண்ணிலிருந்து சமைக்க முடியும் என்பதை இவை நிரூபிக்கின்றன. ஆனால் அந்த மேசையில் ஓர் இரவு தங்கிச் சாப்பிட ஆகும் செலவு, அந்தத் தோட்டத்துத் தொழிலாளியின் பல வாரச் சம்பளம். 2024இல்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அதே மலையின் மறுபக்கத்துக் கணக்கு இது: 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம். மரக்கறி விளையும் மலையில், பால் கறக்கும் மலையில், ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை அப்போது வளர்ச்சி குன்றியிருந்தது. இயற்கை உணவு என்ற பேச்சு விருந்தினர் தட்டோடு நின்றுவிட்டால் அது இந்த மலைக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

இன்னொரு தோட்டமும் இங்கே உண்டு. அதற்கு விளம்பரப் பலகை கிடையாது. லயத்துக்குப் பின்னால், பீலித் தண்ணீர் ஓடும் காணோரத்தில், ஒரு பாய் விரிக்கும் அளவு மண்ணில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் தழைத்திருக்கும். வேலியில் சவ்சவ் கொடி படர்ந்திருக்கும். மூலையில் ஒரு மரத்தக்காளி, ஒன்றிரண்டு வரிசை போஞ்சி, நான்கைந்து கோவா. அடியில் மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும். மருந்து அடிப்பதில்லை. வாங்கக் காசில்லை என்பது ஒரு காரணம். தன் பிள்ளை சாப்பிடுவதில் மருந்தடிக்க மனம் வராது என்பது இன்னொன்று. மலையகத்தில் நஞ்சில்லாத உணவு அதிகம் விளைவது, என் பார்வையில், இந்தச் சின்னப் பாத்திகளில்தான். தனிவீட்டுத் திட்டங்களில் பல குடும்பங்களுக்குக் கிடைத்த 7 பேர்ச் காணி, அதாவது 177 சதுர மீற்றர், வீடு போக மீதியில் இப்படி ஒரு பாத்திக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அந்தக் கீரை லயத்தை விட்டு ஹட்டன் கடைத்தெருவுக்கு வந்து சேர ஒரு வழி இல்லை. கடைக்காரர் அதிகாலையில் மொத்த வியாபாரியிடம் ஒரே தடவையில் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார். ஐந்து கட்டுக் கீரையோடு வரும் பெண்ணுக்காக அவர் காத்திருக்க மாட்டார்.

நடுவில் ஒரு வழி

துண்டாகக் கிடக்கும் இந்த விளைச்சலையும் கடையில் சாப்பிடுகிறவரையும் சேர்த்துவைக்கும் முன்மாதிரி நாட்டிலேயே இருக்கிறது. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ‘ஹெல போஜுன்’ உணவகத்துக்குப் போனவர்களுக்கு அது தெரியும். வடக்கில் அதே எண்ணம் ‘அம்மாச்சி’ என்ற பெயரில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வேரூன்றிவிட்டது. இடத்தையும் கட்டடத்தையும் அரசு தருகிறது. ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு அடுப்படியை ஏற்று நடத்துகிறார்கள். குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, தோசை, வடை எல்லாம் வாடிக்கையாளர் கண்முன்னேயே தயாராகின்றன. விலை கைக்கெட்டும் அளவில் இருக்கிறது. சமைத்தவரையே கேட்கலாம், கீரை எங்கிருந்து என்று.

இந்த முறை முழுச் சேதனச் சான்றிதழ் பெற்றதல்ல, அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆனால் உள்ளூர் விளைச்சலுக்கு ஒரு நிலையான வாங்குபவரை உண்டாக்குகிறது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் இராகலையிலும், தோட்டப் பெண்களே நடத்தும் இப்படிப்பட்ட ஒரு கூடம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அமைந்தால், லயத்துப் பாத்திக்கும் கடைத்தெருவுக்கும் பாதை திறக்கும். தமிழ்நாட்டில் 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இடைத்தரகர் இல்லாமல் விவசாயியையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் நிறுத்தியது. அதுபோன்ற ஒரு காலைச் சந்தை கூடத்தோடு சேர்ந்திருந்தால், மற்றக் கடைக்காரர்களும் அங்கிருந்தே வாங்கலாம்.

சான்றிதழ் விஷயத்திலும் நடைமுறைக்கு ஒத்த வழி வேண்டும். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கீழ் சேதன உற்பத்திக்கான கட்டுப்பாட்டுப் பிரிவு இருக்கிறது. ஆனால் மூன்றாம் தரப்புச் சான்றிதழின் செலவு ஏற்றுமதித் தேயிலைக்குத்தான் கட்டுப்படியாகும். ஊவாவில் இடல்கஸ்ஸின்னத் தோட்டம் 1980களின் பிற்பகுதியிலேயே சேதனத் தேயிலைக்கு மாறியதும் வெளிநாட்டு வாங்குபவரை நம்பித்தான். நான்கு பாத்தி வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பொருந்துவது பங்கேற்பு உத்தரவாத முறை: விளைவிப்பவர்களும் வாங்குபவர்களும் ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்து, தாங்களே உறுதி சொல்லும் ஏற்பாடு. விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்று இன்னொரு படி. அது சேதனம் ஆகாது. ஆனால் மருந்தை அளவோடும் இடைவெளியோடும் பயன்படுத்தியதற்கு அது பொறுப்பேற்கிறது.

கடைகளுக்கு டென்மார்க் காட்டிய வழியும் கவனிக்கத்தக்கது. அங்கே 2009இல் உணவகங்களுக்கு ஒரு முத்திரை கொண்டுவந்தார்கள். சமையலறை வாங்கும் பொருளில் 30 முதல் 60 சதவீதம் சேதனமானால் வெண்கலம், 60 முதல் 90 வரை வெள்ளி, அதற்கு மேல் தங்கம். முழுவதும் மாறினால்தான் பெயர் என்று சொல்லாமல், மாறிய அளவுக்கு மதிப்புக் கொடுத்தார்கள். ‘ஓர்கானிக்’ என்று பலகையில் எழுதிவிட்டு அளவு சொல்லாமல் இருக்கும் வழக்கத்துக்கு இது நல்ல மருந்து. நுவரெலியா மாநகர சபையும் ஹட்டன் - டிக்கோயா நகர சபையும் தங்கள் எல்லைக்குள் இப்படி ஒரு பட்டியலைத் தொடங்கலாம். இந்த வாரம் இந்தக் கடையின் மரக்கறி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று ஒரு கரும்பலகையில் எழுதிவைப்பதற்குச் சட்டம் கூடத் தேவையில்லை.

சாப்பிடுகிறவர் செய்யக்கூடியது

இவை வரும்வரை சாப்பிடுகிறவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. மலையகத்தில் கேட்டு வாங்கக்கூடிய உள்ளூர் உணவுகள் உண்டு. கீரை வறை, கீரைச் சம்பல், இலைக்கஞ்சி ஆகியவை பெரும்பாலும் பக்கத்திலேயே பறித்தவை. ஆனால் பெரிய அளவில் சந்தைக்கு வளர்க்கும் கீரைக்கும் மருந்து அடிப்பதுண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும். கினிகத்தேனப் பக்கம் இறங்கினால் பலாக்காலத்தில் பலாக்காய்க் கறியும் பலாக்கொட்டையும் கிடைக்கும். பலாவுக்கு யாரும் மருந்து அடிப்பதில்லை. கித்துள் பாணியும் கித்துள் கருப்பட்டியும் அப்படித்தான், சீனி கலக்காதவரிடம் வாங்கினால். இந்த மாவட்டத்திலேயே வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கத்தில் படிவயல்கள் இருக்கின்றன. அங்கே விளைந்த சிவப்பரிசிச் சோறு தரும் கடை இருந்தால் அதைத் தேடிப் போகலாம். பால்மாத் தேத்தண்ணிக்குப் பதில் பசும்பால் கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் சாயத்தண்ணி குடிக்கலாம். அது உள்ளூர்த் தேயிலையின் சுவையை மறைக்காமல் தரும்.

ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் கூட்டத்தில் நுவரெலியா நிரம்பி வழியும்போது, எந்தக் கடைக்கும் தேர்ந்து வாங்க நேரமிருக்காது, கிடைத்ததைச் சமைப்பார்கள். கூட்டம் குறைந்த மாதங்களில் வருகிறவர் பேசவும் கேட்கவும் வாய்ப்புண்டு. கேட்கும் முறையும் முக்கியம். ‘ஓர்கானிக்கா?’ என்று கேட்டால் ‘ஓம்’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ‘இந்தக் கோவா எந்த ஊர்? யாரிடம் வாங்குகிறீர்கள், முதலாளி?’ என்று கேட்டால் உண்மையான பதில் வரும், அல்லது பதில் இல்லை என்பது தெரியும். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரித்துவிட்டுப் போவார். பத்துப் பேர் கேட்டால் மறுநாள் மரக்கறி வாங்கும் இடத்தை யோசிப்பார்.

தோட்டக் கம்பனிகளிடம் ஒரு வேண்டுகோள்: பங்களாத் தோட்டத்துக்குக் கொடுக்கும் அக்கறையில் ஒரு பங்கை லயத்துப் பாத்திக்கும் கொடுங்கள். தேயிலை பிடுங்கிய தரிசு நிலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு நீண்டகால உரிமையோடு மரக்கறிக் காணி ஒதுக்குங்கள். உரிமை நிச்சயமில்லாத நிலத்தில் எவரும் மண்ணை வளர்க்க மாட்டார்கள், அறுவடையை மட்டுமே பார்ப்பார்கள். சேதன விவசாயம் என்பதே மண்ணைப் பல ஆண்டு பொறுத்து வளர்ப்பது. அந்தப் பொறுமை சொந்த நிலத்தில்தான் வரும்.

மலையகத்தில் இயற்கை உணவைத் தேடும் பயணம் கடைசியில் காணி உரிமையில் போய் நிற்கிறது. நிலம் இல்லாதவர் கையால் விளைந்து, விருந்தினர் மட்டும் உண்ணும் உணவை எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும் நல்ல உணவு என்று நான் ஏற்க மாட்டேன். கொழுந்து பறிக்கும் பெண் ஹட்டன் கடையில் உட்கார்ந்து, தன் ஊர் மண்ணில் தன் அயலவர் விளைவித்த கீரையைத் தன் சம்பளத்தில் வாங்கிச் சாப்பிட முடிந்தால் மட்டுமே, இந்த மலைகளில் இயற்கை உணவு கிடைக்கிறது என்று நாம் சொல்லலாம்.